ஏழு போனில் மூன்று ஏக்கர்

முரசுமோட்டைப் பொதுநோக்கு மண்டபத்தில்
மின்விசிறி நின்ற பிறகுதான்
யசிந்தன் பேசத் தொடங்கினான்.
கரண்ட் இல்லை. போன் வெளிச்சத்தில்
வெண்கட்டியால் சுவரில்
ஒரு சங்கிலி கீறினான்.
"ஒவ்வொரு கண்ணியும் முந்தின கண்ணியின்ர
கைரேகையைப் பிடிச்சுக்கொண்டிருக்கும்.
ஒண்டைக் கிள்ளினா
மிச்சமெல்லாம் கத்தும்."

கமக்காரர் அமைப்பின் பொருளாளர் நான்.
சிறுபோகப் பங்குக் கொப்பி என் மடியில்.
கத்துகிற கொப்பி ஒன்று
எனக்கும் வேண்டியிருந்தது.

சொல்லத்தான் வேண்டும்.
மூன்று வருடத்துக்கு முன்
பதினோராம் பக்கத்தில்
அரை ஏக்கர் இரண்டாயிற்று.
மை என்னுடையது மாதிரி. எழுத்தும்.
துருசடியில் வைத்துக் கேட்டார்கள்,
என் பிள்ளைகளுக்கு முன்னால்.
நான் மாற்றவில்லை. அதைச் சொல்லக்
கொப்பிக்கு வாய் இல்லை.

ஆகவே இதை
யசிந்தனுக்கு எதிராக எழுதுகிறேன் என்று
யாரும் வாசிக்க வேண்டாம்.

ஏழு போன். ஏழிலும் ஒரே கணக்கு.
கச்சேரியில் காத்திருக்கத் தேவையில்லை,
முத்திரை தேவையில்லை.
"ஆரையும் நம்பத் தேவையில்லை அக்கா,
அதுதான் பிளொக்செயின்ர வடிவு."
பரந்தன் சந்தியில் நாள் முழுக்க
உடைந்த திரை மாற்றுகிறவன்,
உடையாத ஒரு பொருளைக் கண்டுவிட்டான்.
முகத்தைப் பார்க்கவேண்டுமே.

நான் கேட்டேன்:
ஏழில் நாலு சேர்ந்து
பொய்யை மெய் என்றால்?
"கணக்குப்படி அது நடக்காது."
கணக்கு உலகம் முழுவதற்கும் போட்டது, தம்பி.
இங்கே நாலு போன் மேல்வாய்க்காலில்.
இரண்டு பேர் மைத்துனர்மார்.
மூன்றாமவர் அவர்களுக்கு
உழவுமெசின் கடன்.
சிரித்தார்கள்.
சிரிக்காதவர்களை எண்ணினேன்.
நாலு.

பிறகு ஆளுக்குப் பன்னிரண்டு சொல் தந்தான்.
அதுதான் திறப்பு.
ஒருத்தருக்கும் காட்டக்கூடாது.
தொலைந்தால் கடவுளாலும் திறக்க ஏலாது.
மண்டபத்தில் சத்தமே இல்லை.
அங்கே இருந்த எல்லோரும்
எதையாவது பொலித்தீனில் சுற்றிப்
புதைத்தவர்கள்.
எங்கள் காணி உறுதியும்
எங்கேயோ பத்திரமாகத்தான் இருக்கிறது.
எந்தக் கள்ளனும் தொடவில்லை.
ஓர் எழுத்தும் மாறவில்லை.
இடம் தெரிந்த அண்ணர் மட்டும்
வரவில்லை.
இதைவிடப் பாதுகாப்பு
நான் பார்த்ததில்லை.

ஆனாலும் வாக்கெடுப்பில்
கையை உயர்த்தினேன்.
ஏன் என்றால், துருசடி.

சித்திரையில் ஏற்றினோம்.
நுளம்புத்திரி முடியும் வரை
நான் வாசிக்க அவன் தட்டினான்.
தேவதாசனின் இரண்டு ஏக்கரை
மூன்று என்று வாசித்தது நான்தான்.
கண்ணாடி வீட்டில் கிடந்தது.
விடிய ஏழு போனும் மூன்று என்றன,
ஒரு தடுமாற்றம் இல்லாமல்.
"அழிக்க ஏலாது அக்கா.
கீழ இன்னொரு வரி போடலாம், பிழையெண்டு."
போட்டோம்.
மேலே என் பிழை, கீழே என் வெட்கம்,
இரண்டுக்கும் இனிச் சாவில்லை.
தேவதாசன் வந்து
மேல்வரியை மட்டும் வாசித்தார்.
பிறகு வாய்க்கால் வெட்ட
மண்வெட்டியோடு போனார்.

துருசு திறந்தார்கள்.
தண்ணீர் ஒன்றும் வாசிக்காமல் வந்தது,
பள்ளம் கண்ட பக்கம் திரும்பியது.
யசிந்தன் வரம்பில் நின்று
சிக்னலுக்காகப் போனை
ஆகாயத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தான்.
அவனுக்காக எனக்குப் பாவமாயிருந்தது,
கொஞ்சம் பொறாமையாயும்.

வெயிலுக்குத் தலையை மறைக்கக்
கொப்பியை விரித்துப் பிடித்தேன்.
பதினோராம் பக்கம்.
அந்த இரண்டுக்குக் கீழே
பிளேட்டால் சுரண்டின இடத்தில்
தாள் மெலிந்து,
வெளிச்சம் ஊடே வந்தது.

மூன்று வருடமாக
கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது.